டிஸ்கில் இடம் கிடக்க ‘இடமில்லை’ என்கிறதே!

கேள்வி: டியூட்டரி ஒன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். உபுண்டு சர்வரில் பாடக்குறிப்பு ஃபோல்டருக்கு மாணவர்களை ஒவ்வொருவராகச் சேர்த்து, இனி அதில் வரும் பைல்களுக்கும் பொருந்தும்படி ‘டிஃபால்ட்’ அனுமதியும் கொடுத்து வந்தேன். 250 பேரை நெருங்கியதும் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்று நின்றுவிட்டது. 300 ஜிபி சும்மா கிடக்கிறது. டிஸ்க் பழுதா ஐயா?
- வாசகி, கல்லடி

பதில்: டிஸ்கில் கை வைக்காதீர்கள் தங்கச்சி. கல்முனையில் ஓர் அலுவலகத்தில் இதே வசனத்தைப் பார்த்துவிட்டு நான் பழைய பைல்களை அழித்தேன். மறுகா 2 டிபி டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன். அடுத்த பெயரைச் சேர்த்தால் அதே வசனம்! டிஸ்க் காசை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

நிறைந்தது டிஸ்க் அல்ல, அனுமதிப் பட்டியல் எழுதும் இடம். டிஸ்கில் பைல்களை அடுக்கி வைக்கும் முறைக்கு ‘பைல் சிஸ்டம்’ என்று பெயர். உபுண்டு வழக்கமாகப் போடும் பைல் சிஸ்டமான எக்ஸ்ட்4இல் ஒரு ஃபோல்டரின் பட்டியல் பொதுவாக டிஸ்கின் ஒரே துண்டுக்குள் (பிளாக்), அதாவது 4096 பைட்டுக்குள் அடங்க வேண்டும். ஒரு பெயருக்கு 8 பைட். தலைப்புக்குப் போனது போக, சுமார் 500 பெயர். நீங்கள் ஏன் பாதியில் நின்றீர்கள்? டிஃபால்ட் பட்டியலும் அதே பிளாக்கில்தான் குந்துகிறது. ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு தரம் எழுதப்பட்டிருக்கிறது.

லினக்ஸின் இன்னொரு பைல் சிஸ்டமான எக்ஸ்எஃப்எஸ்ஸின் பழைய 4ஆம் வடிவத்தில் 25 வரிதான் (ஒரு பெயருக்கு ஒரு வரி). 5ஆம் வடிவத்தில் 5461. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் பட்டியல் 64 கேபி வரை போகலாம், சுமார் 1820 வரி. ஆனால் 5461 கிடைத்தாலும் நான் பெயர் பெயராகப் போடமாட்டேன். பரீட்சை முடித்துப் போன பிள்ளைகளை ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடி எடுப்பது யார்?

வகுப்புக்கு ஒரு குரூப் செய்யுங்கள். பிள்ளைகளை ‘யூசர்மோட்’ (usermod -a -G) கட்டளையால் அதில் சேருங்கள். சின்ன ‘ஏ’வை விட்டுவிட்டுப் பெரிய ‘ஜி’யை மட்டும் போட்டால் அவர்கள் ஏற்கெனவே இருந்த மற்ற குரூப்களிலிருந்து கழன்றுவிடுவார்கள், கவனம். பழைய பட்டியலை ‘கெட்ஃபேக்ல்’ (getfacl) கட்டளை மூலம் ஒரு பைலில் எழுதி வைத்துவிட்டு, ‘செட்ஃபேக்ல்’ கட்டளையில் ‘பி’, ‘கே’ இரண்டையும் (setfacl -b -k) கொடுத்துத் துடைத்துவிடுங்கள். அப்புறம் குரூப்புக்கு ஒரு வரி, டிஃபால்ட்டுக்கு ஒரு வரி, அவ்வளவுதான்.

போட்ட கையோடு ‘திறக்குதில்லை மிஸ்’ என்று யாராவது வருவார்கள். அவர்களுடைய திரையில் ‘ஐடி’ (id) என்று அடித்துப் பாருங்கள். குரூப் பெயர் வராவிட்டால், லாக்அவுட் செய்து திரும்ப உள்ளே வரச் சொல்லுங்கள்.