பதில்: பழைய ஸ்ட்ரீட் ஃபைட்டர் படம் இப்போது தாங்கவில்லை

பத்து வயதில் கொண்டாடிய, வீடியோ கேமை வைத்து எடுத்த 1994 ஸ்ட்ரீட் ஃபைட்டரை இப்போது அரை மணி நேரம்கூடப் பார்க்க முடியவில்லை, மிச்சத்தையும் பார்ப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். பாருங்கள். ஆனால் அதில் கேமைத் தேடாதீர்கள். கேமின் நாயகர்களான ரியூவும் கென்னும் இங்கே டுபாக்கூர் ஆயுத வியாபாரிகள், ஹீரோ கைல் என்ற ராணுவ அதிகாரியாக வரும் வான் டாம். (அந்தக் கடுப்பு நியாயம்தான்.)

ரவுல் ஜூலியாவை மட்டும் கவனியுங்கள். நோயோடு நடித்தவர், படம் வெளிவர இரண்டு மாதம் முன்பே இறந்துவிட்டார். ஆனாலும் வில்லன் பைசனாக வெளுத்து வாங்குகிறார். தன் அப்பாவைப் பைசன் கொன்றதை, பழிவாங்க வந்த சுன்-லி என்ற பெண் பொருமிச் சொல்லி முடிக்கிறாள். அவனோ வீட்டு அங்கியில் சாவகாசமாக, எனக்கு அது வெறும் செவ்வாய்க்கிழமை என்கிற ரீதியில் பதில் சொல்கிறான்! சின்ன வயதில் இது மண்டையில் ஏறியிருக்காது. தன் மூஞ்சியை அச்சடித்த நோட்டை ஆயுதத்துக்கு விலையாகத் தள்ளிவிடும் இடமும் செம காமெடி. சண்டைகளை வேண்டுமானால் ஓட்டிவிடுங்கள்.