நீங்கள் பார்த்தது வெட்டி ஒட்டிய காட்ஸில்லா

1954-இல் வந்த ஜப்பானிய ராட்சத மிருகப் படமான காட்ஸில்லாவைப் போட்டால் ஓர் அமெரிக்க நிருபர் வந்து வளவளவென்று கதை சொல்கிறார், இதற்கா இவ்வளவு புகழ் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நிருபர்தான் துப்பு. அது 1956-இல் அமெரிக்காவுக்காக வெட்டி ஒட்டிய பதிப்பு, 80 நிமிடம். நிருபராக ரேமண்ட் பர் என்ற நடிகர் நடித்த காட்சிகளைத் தனியாக எடுத்து நடுநடுவே செருகினார்கள். இஷிரோ ஹோண்டா இயக்கிய ஜப்பானிய மூலம் 96 நிமிடம். அதில் அந்த நிருபர் கிடையாது.

நானும் பெரிய ரசிகன் எல்லாம் இல்லை, விடுமுறையில் கையில் கிடைத்ததைப் பார்ப்பவன். மூலத்தில், ரயிலில் போகும் ஒரு பெண் அலுத்துக்கொள்வாள்: கதிர்வீச்சு மீன், கதிர்வீச்சு மழை, இப்போது இதுவும் வேறா, நாகசாகியில் தப்பி வந்த உயிராச்சே என்று. அமெரிக்கப் பதிப்பில் இந்தப் பேச்சே இல்லை. மூலம் வந்த 1954 மார்ச்சில்தான் அமெரிக்கா பிகினித் தீவில் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் கொட்டியிருந்தது. நவம்பரில் படம் வந்தது. தியேட்டரில் இருந்தவர்களுக்கு எப்படி உறைத்திருக்கும்!

மிருகம் ரப்பர் உடைக்குள் ஆள்தான், சில இடங்களில் அப்பட்டமாகத் தெரியும். காதல் கதையும் கொஞ்சம் இழுவை. ஆனால் எரியும் டோக்கியோவில் பிள்ளைகளை அணைத்தபடி ஒரு தாய், சீக்கிரமே அப்பாவிடம் போய்விடலாம் என்பாள்; அப்பா உயிரோடு இல்லை. அப்புறம் எனக்கு ரப்பர் கண்ணில் படவே இல்லை.

அடுத்த முறை போடும் முன் ஓடும் நேரத்தைப் பாருங்கள். 96 என்றால் சரி, ஜப்பானிய ஒலியிலேயே சப்டைட்டிலோடு பாருங்கள்.