பொட்டாசியம் கால்வாயின் கதவு: கேள்வி பதில்

கேள்வி (பிளஸ் டூ மாணவி): அக்கா, இந்தக் கால்வாயில் நிஜமாகவே ஏதாவது அசைகிறதா?

பதில்: அசைகிறதும்மா. செல்லின் சவ்வில் நான்கு புரதத் துண்டுகள் கூடி, பொட்டாசியம் அயனிகள் போக நடுவில் ஒரு வழி விடுகின்றன; அதுதான் பொட்டாசியம் கால்வாய். செல்லின் உட்பக்கத்தில் அந்தப் புரதத்தின் நான்கு சுருள்கள் குவிந்து நின்றால் வழி அடைபடும். வெளிப்புறமாக வளைந்தால் திறக்கும். ராடரிக் மெக்கினன் குழு 1998இல் ஒரு பாக்டீரியக் கால்வாயை மூடிய நிலையிலும், 2002இல் இன்னொன்றைத் திறந்த நிலையிலும் அணு அளவில் காட்டியது. இரண்டையும் ஒப்பிட்டால் சுருள் வளையும் இடம் தெரியும். அங்கே கிளைசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது.

கேள்வி: மின்னழுத்தம் மாறியது கதவுக்கு எப்படித் தெரியும்?

பதில்: எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. கதவுக்குத் தெரியாது, ஒவ்வொரு துண்டிலும் உள்ள எஸ்4 என்ற வேறொரு சுருளுக்குத்தான் தெரியும். அதில் மூன்று அமினோ அமிலத்துக்கு ஒன்றாக, பெரும்பாலும் ஆர்ஜினின், நேர்மின்னேற்றத்தோடு நிற்கிறது. நரம்பு ஓய்வில் இருக்கையில் செல்லின் உட்புறம் எதிர்மின். எஸ்4 உள்ளே இழுபட்டிருக்கும். உட்புற எதிர்மின் குறைந்ததும் அது வெளிப்பக்கம் நகரும். அதோடு இணைந்த குட்டிச் சுருள் கதவைப் பிடித்திருந்த பிடியைத் தளர்த்தும். பொதுவாக நான்கு எஸ்4-களும் நகர்ந்த பிறகே வழி திறக்கும். நரம்பின் மின்னோட்டத்தை ஆராய்ந்த ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல், கால்வாயின் உருவமே தெரியாத காலத்தில், கணக்கு பொருந்த நான்கு துகள்கள் நகர வேண்டும் என்று எழுதியதை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது.

கேள்வி: சோடியம் இன்னும் சிறியதாச்சே, அது ஏன் நுழைவதில்லை?

பதில்: அது கதவின் வேலை இல்லை, வழியின் குறுகலான பகுதியான வடிகட்டியின் வேலை. அங்குள்ள ஆக்சிஜன்கள் பொட்டாசியத்தை நீரைப் போலவே சூழ்ந்துகொள்ளும்; சோடியத்துக்கு அந்த இடைவெளி பொருந்தாது.

கேள்வி: அப்பா சர்க்கரைக்கு கிளிபென்கிளமைடு சாப்பிடுகிறார். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டாமே?

பதில்: உண்டு. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லில் இருக்கும் ஒரு பொட்டாசியம் கால்வாயை, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி மூடுகிறது. சாப்பிட்டதும் ஏடிபி கூடும், கால்வாய் மூடும், செல்லின் மின்னழுத்தம் மாறும், கால்சியம் நுழையும், இன்சுலின் சுரக்கும். அந்த மாத்திரை சர்க்கரை ஏறாதபோதும் கால்வாயை மூடிவிடும். அப்போதும் இன்சுலின் சுரந்து சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். ஆகவே அப்பா வேளை தவறாமல் உணவு சாப்பிடட்டும்.

கேள்வி: கதவு திறந்திருக்கும்போதே ஓட்டம் நிற்குமா?

பதில்: சில வகைகளில் நிற்கும். பழ ஈயின் ஷேக்கர் என்ற பொட்டாசியம் கால்வாயில், புரதத்தின் நுனி ஒரு பந்துபோல் உள்ளிருந்து வந்து வழியை அடைக்கிறது. 1990இல் அந்த நுனியை நீக்கியபோது இந்த அடைப்பு மறைந்தது. அதே துண்டைத் தனியே சேர்த்ததும் திரும்பியது. பந்து உள்ளே இருக்கும்வரை கதவால் மூட முடியாது. அது வெளியேறிய பிறகே மூடும்.