வீட்டிலேயே படிக்க வைக்கலாமா?

கேள்வி: மகளுக்கு 7 வயது. பள்ளியை நிறுத்திவிட்டு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க ஆசை. சட்டத்தில் இடமிருக்கிறதா? – வாசகி, ஈரோடு

பதில்: வெளிப்படையான அனுமதியும் இல்லை, தடையும் இல்லைங்க. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10ஆவது பிரிவில் சொல்கிறது, ஆனால் சேர்க்காதவர்களுக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லை, வீட்டுக்கல்வி என்ற பேச்சே அதில் கிடையாது. எனக்கு இதைவிடப் பெரிய கவலை சான்றிதழ்தான். தமிழ்நாட்டில் பன்னிரண்டரை வயது முடிந்தால் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதலாம், அப்புறம் 14 வயதில் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். மாற்றுச் சான்றிதழை மட்டும் மறக்காமல் வாங்கி வையுங்கள். நடுவில் மனம் மாறினாலும் சரி, கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவின்படி வயதுக்கேற்ற வகுப்பிலேயே திரும்பச் சேர்க்கலாம்.