தூரம் 14,000 கி.மீ., பயணம் 23 மணித்தியாலம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கட்டுநாயக்காவிலிருந்து ரொறன்ரோவுக்கு 14,000 கி.மீ. என்கிறார்கள். மணிக்கு 900 கி.மீ. வேகம் என்றால் பதினைந்தரை மணித்தியாலம்தானே? மகன் அனுப்பிய ரிக்கெற்றில் 23 என்று இருக்கிறதே?
– வாசகர், துணுக்காய்

பதில்: 14,000 என்பது உருண்டைப் பூமியின் மேல் அளந்த ஆகக் குறுகிய தூரம். அந்தக் கோடு இந்தியாவுக்கு மேலால் வடக்கே ஏறி, ஆர்க்டிக் பக்கமாக வளைந்து கனடாவில் இறங்கும். அந்த வழியில் நேரடி விமானம் இல்லை. டுபாயில் மாறினால் முதற்கட்டம் ஏறத்தாழ 3,290 கி.மீ., அடுத்தது 11,080 கி.மீ. சுற்றிப் போவதால் கூடுவது 400 கி.மீ.கூட இல்லை.

நேரம் வேறு இடத்தில் கூடுகிறது. 900 என்பது உயரத்தில் பறக்கும்போது உள்ள வேகம். ஓடுபாதைக்கு ஊர்வது, ஏறுவது, இறங்குவது, வான்பாதை வளைவுகள் எல்லாம் சேர, முதற்கட்டம் நாலரை, அடுத்தது 14 மணித்தியாலம் அளவில் வரும். மிச்சம் நாலரையும் டுபாயில் காத்திருப்பு. அதைக் குறைக்க அவசரப்படாதீர்கள். முதல் விமானம் ஒரு மணித்தியாலம் பிந்தினாலும் அடுத்ததைப் பிடிக்க அந்த இடைவெளிதான் கைகொடுக்கும். இரண்டு கட்டமும் ஒரே பதிவில் இருக்கிறதா என்று மகனிடம் கேளுங்கள். தனித்தனியாக எடுத்திருந்தால், தவறவிட்ட விமானத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்காது. பெட்டியையும் இடையில் எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டிவரும்.

ரிக்கெற்றில் உள்ளது அந்தந்த ஊர் நேரம். புறப்படும் நேரம், இறங்கும் நேரம் இரண்டையும் நம் நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். டுபாயில் புறப்படுவது 03:30 என்றால் இங்கே 05:00. ரொறன்ரோவில் இறங்குவது கோடையில் 09:30 என்றால் இங்கே இரவு 7:00. ஆக 14 மணித்தியாலம். கோடையில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை பத்தரை.

கேள்வி: லண்டன் போகும்போது கூட நேரம், வரும்போது குறைவு. ஏன்?
– வாசகி, முள்ளியவளை

பதில்: மேல்வானில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலத்த காற்றுத்தான் காரணம். தூரம் 8,700 கி.மீ. வழிநெடுகச் சராசரியாக 40 கி.மீ. எதிர்க்காற்று என்றால் வேகம் 860. அதே காற்று பின்னால் தள்ளினால் 940. வித்தியாசம் ஏறத்தாழ 52 நிமிடம்.

கேள்வி: 15ஆம் திகதி 02:55 விமானம். கிளிநொச்சியிலிருந்து எப்போது வெளிக்கிட வேண்டும்?
– வாசகர், பரந்தன்

பதில்: 14ஆம் திகதி பின்னேரம் மூன்றரைக்கு. 15ஆம் திகதி இரவு போய் நின்றால் விமானம் போய் ஒரு நாளாகியிருக்கும். நள்ளிரவு தாண்டிய விமானங்களில் பலர் இப்படித்தான் தவறவிடுகிறார்கள். கட்டுநாயக்காவுக்கு வான் வண்டியில் ஆறு, ஏழு மணித்தியாலம் பிடிக்கும். மூன்று மணித்தியாலம் முன்னதாக, அதாவது நள்ளிரவுக்குள், உள்ளே நிற்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் புறப்பட 60 நிமிடம் இருக்கையில் பெட்டி வாங்குவதை நிறுத்திவிடும். முல்லைத்தீவிலிருந்து வருபவர்கள் இன்னும் ஒரு மணித்தியாலம் முந்தி வெளிக்கிடுங்கள்.