அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு ரெஜிமென்ட் ஒரே நாளில் சிதைந்தது எப்படி?

ரெஜிமென்ட் என்பது சுமார் 1,000 பேரோடு தொடங்கப்பட்ட படைப்பிரிவு. அதில் 10 கம்பெனிகள் இருக்கும். பெரும்பாலும் ஒவ்வொரு கம்பெனியும் ஒரே மாவட்டத்து ஆட்களைக் கொண்டது.

அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களுக்காகப் போரிட்ட 26ஆவது வடக்கு கரோலினா ரெஜிமென்டைப் பாருங்கள். 1863 ஜூலை 1 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் கெட்டிஸ்பர்க் ஊரில் சுமார் 800 பேரோடு களமிறங்கியது. மெக்பெர்சன் மேட்டுக் காட்டில் எதிர்த்தரப்பான வடமாநிலப் படையின் 24ஆவது மிச்சிகன் ரெஜிமென்டோடு மிக அருகில் நின்று துப்பாக்கிச் சண்டையிட்டது. அன்று மாலைக்குள் பாதிக்கு மேற்பட்டோர் வீழ்ந்தனர். கொடியைக் கையில் ஏந்தியபோது சுடப்பட்டு இறந்த 26ஆவது ரெஜிமென்டின் தளபதி கர்னல் ஹென்றி பர்க்வினுக்கு வயது 21 தான். எஞ்சியவர்கள் ஜூலை 3 அன்று மீண்டும் திறந்தவெளித் தாக்குதலுக்கு அனுப்பப்பட்டனர். எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கும் செய்தி அது.

இத்தனை இழப்புக்குக் காரணம், போரிட்ட முறை. துப்பாக்கிகளின் குறி தொலைவு கூடியிருந்தும், வீரர்கள் பழையபடி தோளோடு தோள் உரசி வரிசையாக முன்னேறினர். புகைமூட்டத்தில் அவர்களுக்கு வழிகாட்டியது கொடி. எதிரி முதலில் குறிவைத்ததும் அதையே.

ஒரே ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஏறி, அது கவிழ்ந்தால் எப்படி இருக்கும்? தெருவுக்குத் தெரு சாவு விழும். ஒரு கம்பெனி அழிந்தபோது அந்த மாவட்டத்துக்கு நேர்ந்தது அதுதான்.

போர்க்கணக்கில் ‘இழப்பு’ என்றால் எல்லோரும் இறந்ததாகப் பலர் நினைக்கிறார்கள்; காயமடைந்தவர்கள், பிடிபட்டவர்கள், காணாமல்போனவர்கள் எல்லோரும் அந்த எண்ணில் அடக்கம்.