இயற்கைத் தோட்டத்தில் இரும்புச் சிற்பம் வைத்தால் மண் கெடுமா?

ரசாயனம் போடாத தோட்டத்தில் உலோகச் சிற்பம் வைக்க ஆசை, ஆனால் துரு இறங்கி மண் கெட்டுவிடும் என்று வீட்டில் தடுக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னைப் பக்கம், சின்ன இடம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் இருக்கும் கடலோரக் கொட்டிவாக்கத்தில் இதே பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

துரு மண்ணைக் கெடுக்காது. அது இரும்பு ஆக்சைடு. நம் செம்மண் சிவப்பாக இருப்பதற்கும் இரும்பு ஆக்சைடுதான் காரணம். பயப்பட வேண்டியது இரும்பின் மேல் பூசியிருக்கும் பெயின்டுக்கு. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கேட், கிரில் துண்டுகளில் செய்த சிற்பத்தைக் கீரைப் பாத்தி பக்கம் கொண்டுவராதீர்கள். துத்தநாகம் பூசிய ஜிஐ தகட்டிலிருந்து மழைநீர் சொட்டும் இடத்திலும் கீரை வேண்டாம். செம்புக்கும் இடம் பார்த்துத்தான் வைக்க வேண்டும். பயிருக்குப் பூஞ்சாணம் வந்தால் அடிக்கும் போர்டோ கலவையே மயில்துத்தமும் சுண்ணாம்பும்தான். மயில்துத்தம் என்பது செம்பு உப்பு. பூஞ்சாணத்தைக் கொல்லும் செம்பு மீனையும் விடாது. செம்புச் சிலையில் வழியும் நீர் மீன் தொட்டியில் விழவே கூடாது.

என் தோட்டத்தில் நிற்பது ஒரு நத்தைகுத்தி நாரை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் அந்தப் பறவையைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. காயலான் கடையில் சைக்கிள் செயின், பைக் பல்சக்கரம், தேய்ந்த ஸ்பேனர் எல்லாம் நானே பொறுக்கி எடுத்தேன். கிண்டிப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன் செய்து கொடுத்தார். மூடிய அலகுக்கு நடுவில் அந்தப் பறவைக்கு ஓர் இடைவெளி தெரியுமே, அதை இரண்டு ஸ்பேனரை வளைத்தே கொண்டுவந்துவிட்டார். பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்டேன். "வேணாம்மா. உப்புக்காத்து அடியில புகுந்து பொத்துப் பொத்தா உரிச்சிடும். எண்ணெய் துடைச்சா போதும்" என்றார். மழைக்கு முன்னால் ஆளி விதை எண்ணெய் துடைப்பதோடு சரி. வேறொரு கடையில் "கார்ட்டன் ஸ்டீல் வாங்குங்க, அது துருப்பிடித்து அப்படியே நின்றுவிடும்" என்று பெரிய விலை சொன்னார்கள். நனைந்து நனைந்து நன்றாகக் காயும் இடத்தில்தான் அந்த எஃகின் துரு இறுகிக் காப்பாக நிற்கும். உப்பு படியும் கடலோரத்தில் அரிப்பு நிற்காது. கடலோரத்தில் பளபளப்பாகவே வேண்டும் என்றால் 316 ரக ஸ்டெயின்லெஸ் எஃகு கேளுங்கள், 304 வேண்டாம்.

வைக்கும் முறை முக்கியம். சிற்பத்தின் காலை மண்ணில் புதைத்தால் மண்ணும் காற்றும் சேரும் மட்டத்தில்தான் முதலில் அரிக்கும். கருங்கல்லில் துளை போட்டு போல்ட்டில் நிறுத்துங்கள். வார்தா மாதிரி ஒரு புயல் வந்தால் சும்மா வைத்தது பக்கத்து வீட்டுக் கண்ணாடியில் போய் விழும். குழிவான இடங்களிலெல்லாம் அடியில் ஓட்டை போடச் சொல்லுங்கள், தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு வரும். கத்திரி வெயிலில் இரும்பு கொதிக்கும். படரும் சங்குப்பூவின் இளந்தளிர் கருகும். அதனால் காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கம், மரநிழல் ஓரமாக வையுங்கள்.

இரும்பு உருக்க நிலக்கரி எரிகிறதே, இதில் என்ன இயற்கை என்று கேட்க ஆள் வருவார்கள். காயலான் இரும்பு எப்படியும் மறுசுழற்சிக்குப் போவதுதானே என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்விகள். என் பறவையால் பூமி பிழைத்தது என்று நான் சொல்லவில்லை. புதிதாக வார்த்த ஃபைபர் மானும் சிமென்ட் வாத்தும் வாங்கி வைப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்கிறேன், அவ்வளவுதான். இது பணக்காரர் விளையாட்டு என்பவர்கள் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். 1966-ல் கே. சி. எஸ். பணிக்கர் முன்னின்று உருவாக்கிய ஓவியர் கிராமம் அது. கைவினைப் பொருள் செய்து விற்றுத்தான் அந்தக் கலைஞர்கள் பிழைப்பை நடத்தினார்கள். தகட்டைத் தட்டி உருவம் எடுத்த பி. வி. ஜானகிராம், செம்பையும் பித்தளையையும் பற்றவைத்த எஸ். நந்தகோபால் எல்லாம் அங்கே இருந்தவர்கள்தான்.

எனக்கு உண்மையில் ஆத்திரம் வருவது வேறொன்றில். "வாசலில் பழைய இரும்பா, ஆகாது" என்று எனக்குப் புத்தி சொன்ன எங்கள் தெரு ஆட்கள், வீட்டைச் சுற்றி ஒரு சாண் மண் விடாமல் பேவர் பிளாக் போட்டு மூடியிருக்கிறார்கள். மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். குழாய் இருக்கிறது, தண்ணீர் போக மண் எங்கே? ஐப்பசி மழையில் அவர்கள் வாசல் தண்ணீர் முழுதும் தெருவில் ஓடி என் பாத்திக்குள் வருகிறது. சங்கக் கூட்டத்தில் கேட்டால் "முதலில் உங்கள் இரும்பை எடுங்கள்" என்கிறார்கள். இரும்பை எடுக்க மாட்டேன்.

உங்கள் வீட்டில் தடுப்பவர்களிடம் துருவைப் பற்றி வாதாடாதீர்கள். எந்தப் பெயின்ட், எந்தப் பூச்சு என்று பட்டறையில் அவர்களையே கேட்கச் சொல்லுங்கள். பூச்சே இல்லாத வெறும் இரும்பு என்றால் பூச்செடி ஓரத்தில் தைரியமாக வையுங்கள்.